"நல்லாத்தானே பேசுறான், எதுக்கு ஸ்பீச்?": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பகலில் இரண்டு பள்ளிகளிலும் மாலையில் ஒரு சிறிய மையத்திலும் ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கற்றல் குறைபாடு உள்ளவர்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தப் படிப்புக்கு வர நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் பையன் வாயே மூடமாட்டான். இவனுக்கு எதற்கு ஸ்பீச் தெரபி?

பத்துப் பெற்றோரில் எட்டுப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். "ஸ்பீச்" என்ற சொல்லைக் கேட்டதும் திக்குவாய், மழலை, காது கேளாமை என்றுதான் மனம் போகிறது. இவையும் எங்கள் வேலைதான். ஆனால் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையிடம் நாங்கள் பார்ப்பது பேச்சுக்கு அடியில் இருக்கும் மொழியை.

ஒரு மூன்றாம் வகுப்புப் பையன். "எழுதறதுக்கு முன்னாடி ஓரத்தில் கோடு போடு" என்று டீச்சர் சொல்வார். அவன் எழுதி முடித்துவிட்டுக் கோடு போடுவான். தினமும் திட்டு. "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று டைரியிலும் எழுதிவிட்டார்கள். உட்கார வைத்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது: காதில் விழும் வரிசைப்படியே செய்கிறான். "முன்னாடி", "பிறகு", "தவிர", "இல்லாவிட்டால்" போன்ற சொற்கள் வாக்கியத்தைத் திருப்பிப் போடுகின்றன என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. பேச்சு என்னவோ சரளம்தான்.

இன்னொரு பெண், பத்து வயது. ஊருக்குப் போய் வந்த கதையைக் கேட்டால் "அவங்க அதை எடுத்துட்டு அங்க போய் இது பண்ணாங்க" என்பாள். யார், எதை, எங்கே என்று எதுவும் இருக்காது. பூவாளி படத்தைக் காட்டினால் "அந்த... செடிக்கு ஊத்துறது" என்பாள். சொல் உள்ளே இருக்கிறது, வேண்டிய நேரத்தில் வாய்க்கு வருவதில்லை. இவளை நான்கு வரிக் கட்டுரை எழுதச் சொன்னால் தாளில் வேறு என்ன வரும்?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில், பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாள்வதில் உள்ள குறை என்று இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. புரிந்துகொள்வது, பேசுவது, படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் வருகின்றன.

அப்படியானால் புத்தி குறைவு என்று அர்த்தமா?

இல்லை. அறிவுசார் குறைபாடு வேறு, கற்றல் குறைபாடு வேறு. குழப்பத்துக்கு ஒரு காரணம், இங்கிலாந்தில் "லேர்னிங் டிஸெபிலிட்டி" என்றால் நாம் அறிவுசார் குறைபாடு என்று சொல்வது. இணையத்தில் அந்த நாட்டுப் பக்கங்களைப் படித்துவிட்டு அழுதுகொண்டு வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நாட்டுப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

ஸ்பெஷல் எஜுகேட்டர் ஏற்கெனவே வருகிறார். நீங்கள் செய்வதும் அதே வேலைதானே?

கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படியும். சிறப்புப் பயிற்றுநர் பாடத்தின் பக்கத்திலிருந்து வருகிறார், எழுத்து, வாசிப்பு, கணக்கு என்று. நான் மொழியின் பக்கத்திலிருந்து வருகிறேன். ஒரு கணக்கு சொல்கிறேன்: "ராமுவிடம் 8 மாம்பழம். இது சோமுவிடம் இருப்பதைவிட 3 அதிகம். சோமுவிடம் எத்தனை?" நிறைய பிள்ளைகள் 11 என்பார்கள். "அதிகம்" என்று காதில் விழுந்ததும் கூட்டிவிடுகிறார்கள். கழித்தல் தெரியாத பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்றுநர் வேண்டும். கழித்தல் தெரிந்தும் "விட" என்ற சொல் யாரை யாரோடு ஒப்பிடுகிறது என்று புரியாத பிள்ளைக்கு நான் வேண்டும். இரண்டும் உள்ள பிள்ளைக்கு நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல் தனித்தனி நோட்டில் வேலை செய்தால் பிள்ளைக்கு ஒரு டியூஷன் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த 40 நிமிடத்தில் என்னதான் செய்வீர்கள்? பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கிறது.

விளையாட்டு மாதிரி தெரிந்தால் நான் சரியாகச் செய்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி "பட்டம், படம்" என்பேன். இரண்டும் ஒன்றா, வேறா? நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் டிக்டேஷனில் ஒற்றை விட்டுவிட்டு எழுதும் பிள்ளைகளில் பலருக்கு அந்த நடுவில் நிற்கும் ஓசை காதிலேயே பிரிவதில்லை. காதில் பிரியாததைக் கை எப்படி எழுதும்? அப்புறம் சொல்லை உடைப்பது. "கரும்பலகை"யில் "கரும்" போனால் என்ன மிச்சம்? "மலர்" என்பதில் எத்தனை தட்டு? இது வந்தபிறகுதான் தாளும் பென்சிலும்.

பிறகு சொல். ஒரு புதுச் சொல்லை அதன் அர்த்தத்தோடு மட்டும் சொல்லிக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளிடம் தங்காது. எங்கே இருக்கும், எதற்குப் பயன்படும், எதில் செய்தது, என்ன ஓசையில் தொடங்கும் என்று நான்கு பக்கமும் கயிறு கட்ட வேண்டும். இதற்கு விடுகதையைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. "அடிக்காமல் திட்டாமல் அழவைப்பான், யார்?" என்றால் வெங்காயம் என்று சொல்வது ஒரு படி. "கத்தரிக்கோலுக்கு நீ ஒரு விடுகதை போடு" என்பது அடுத்த படி. அந்த இரண்டாவது படிக்கு வரச் சில பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பருவம் ஆகியிருக்கிறது.

கடைசியாகக் கதை. யார், எங்கே, என்ன ஆச்சு, அதனால் என்ன, கடைசியில் என்ன என்று ஐந்து கூழாங்கல்லை மேசையில் வைப்பேன். ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே சொல்ல வேண்டும். கல் நகராமல் கதை நகரக் கூடாது. கட்டுரை எழுதும்போதும் அதே கல். தேர்வு அறைக்குள் கல்லைக் கொண்டுபோக முடியாது, எனவே பிறகு விரலுக்கு மாறிவிடுவோம்.

தமிழுக்கென்று தனியாக ஏதாவது சிக்கல் உண்டா?

உண்டு. ஆனால் டிஸ்லெக்ஸியாவை, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பயிற்சித்தாள்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வைத்தே செய்தவை. வேலையில் சேர்ந்த முதல் வருடம் நானும் "கேட், ஹேட், மேட்" அட்டைகளோடுதான் சுற்றினேன். பிள்ளைகள் அட்டையைப் படித்தார்கள், தமிழ்ப் பாடத்தில் ஒன்றும் மாறவில்லை.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26 தான், எந்த இடத்தில் எந்த ஓசை என்பதுதான் தலைவலி. தமிழில் எழுத்தைப் பார்த்தால் உச்சரிப்பு பெருமளவு தெரிந்துவிடும். ஆனால் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 வடிவங்கள் கண்ணுக்குப் பழக வேண்டும். அதிலும் உகரத்தைப் பாருங்கள்: கு, சு, டு, து, பு. உகரக் குறி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இல்லை. "கொ" என்று எழுதும்போது காதில் முதலில் கேட்பது க், கை முதலில் போட வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. ஓசை ஒரு வரிசை, எழுத்து வேறொரு வரிசை. வரிசையை மனதில் வைத்துக்கொள்வதே கஷ்டமாக இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய சுமை. கன்னடத்தில் நடந்த ஆய்வுகளில், இந்த மாதிரி எழுத்துமுறையில் எல்லா வடிவங்களும் கைவரச் சாதாரணப் பிள்ளைகளுக்கே சில வருடங்கள் ஆகின்றன என்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே இரண்டாம் வகுப்பில் கொம்பு, கால் விட்டுப்போவதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிட வேண்டாம்.

இன்னொன்று, சொல்லின் நீளம். "சென்றுகொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது பாடப்புத்தகத்தில் ஒரே சொல். கடைசி எழுத்தை எட்டுவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும் பிள்ளை அதை ஊகித்துத்தான் தாண்டும். எழுத்துக்கூட்டிப் படி என்று சொல்வதில் பலன் இல்லை. சென்று, கொண்டு, இருந்த, வர்கள், இடம், இருந்து என்று துண்டு துண்டாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். "மரம்" தெரிந்த பிள்ளைக்கு "மரக்கிளை"யில் மரம் தெரியாது, மகரம் போய்விட்டதே.

எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறாக இருப்பது. "போயிட்டிருந்தான்" என்று பிறந்ததிலிருந்து கேட்ட பிள்ளை "சென்றுகொண்டிருந்தான்" என்பதைச் சரியாக வாசித்துவிட்டுப் புரியாமல் விழிக்கும். மற்ற பிள்ளைகள் இந்தப் பாலத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கட்டிக்கொள்கிறார்கள். மொழியில் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பலகை பலகையாகப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாடத்தின் பத்தியை முதலில் வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லி, பிறகு வரிவரியாகப் புத்தக மொழிக்கு மாற்றும் பயிற்சியை நான் எல்லா வாரமும் வைக்கிறேன்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓசை ஒப்புமை சொல்லின் கடைசியில். நம் எதுகையோ இரண்டாம் எழுத்தில். கண்ணன், வண்ணம், எண்ணெய். வகுப்பில் உள்ள பெயர்களையே எடுத்து "உன் பெயருக்கு எதுகை யார்?" என்று கேட்டால் போதும், சொல்லின் நடுவைக் கவனிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். ஒற்று விடுகிற பிள்ளைக்கு வேண்டியதும் அந்தக் கவனம்தான்.

ழ வரவில்லை. அதனால்தான் எழுத்துப்பிழை வருகிறதா?

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு இரண்டு மாதம் ழகரப் பயிற்சி கொடுத்தேன். நாக்கை மடி, பின்னால் கொண்டுபோ என்று கண்ணாடி முன்னால் ஒரே பாடு. ஒருநாள் அவனுடைய அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து "இந்தாங்க டீச்சர், வாளப்பளம்" என்று நீட்டினார். குடும்பமே அப்படித்தான் பேசுகிறது. அது வட்டார வழக்கு, குறைபாடு அல்ல. அந்த இரண்டு மாதத்தில் வேறு எவ்வளவோ செய்திருக்கலாம்.

பேச்சில் ழ இல்லாத பிள்ளை "பளம்" என்று எழுதுவது இயற்கை. "சத்தத்தைக் கவனித்து எழுது" என்று சொல்வதில் பொருளில்லை. நம்மில் பெரும்பாலோர் ர, ற இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், ந, ன வித்தியாசமும் காதுக்குத் தெரிவதில்லை. இவற்றைப் பார்த்துப் பழகித்தான் எழுத வேண்டும். நான் கவலைப்படுவது வேறு வகைப் பிழைகளுக்கு: எழுத்தே விட்டுப்போவது, "மலர்" என்பது "மரல்" ஆவது, ஒரே பக்கத்தில் ஒரே சொல் மூன்று விதமாக வருவது.

பள்ளியில் ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்கிறார்கள். வீட்டிலும் தமிழை நிறுத்திவிடவா?

வேண்டாம். இரண்டு மொழி கற்பதால் மொழிக் குறைபாடு வருவதில்லை. குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். பாட்டியோடு பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டு, பெற்றோருக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று நாலு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் பிள்ளைக்கு எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் நான் பள்ளிகளோடு சண்டை போடத் தயங்குவதில்லை.

எந்த வயதில் கண்டுபிடிக்கலாம்? சான்றிதழ் எப்போது?

பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, வீட்டில் யாருக்காவது படிப்பில் இதே சிக்கல் இருந்த பிள்ளை, யு.கே.ஜி. முடியும்போதும் சொற்களைத் தட்டித் தட்டிப் பிரிக்கத் தெரியாத பிள்ளை என்றால் அப்போதே மொழிப் பயிற்சி தொடங்கலாம். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

முறையான சான்றிதழ் பொதுவாக 8 வயதுக்குப் பிறகுதான். குழந்தை மருத்துவரும் உளவியல் நிபுணரும் பார்க்க வேண்டும். காதும் கண்ணும் முதலில் சோதித்தாக வேண்டும், இதை விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். நான் தருவது மொழி மதிப்பீட்டு அறிக்கை மட்டுமே.

இதில் ஒரு வருத்தம் உண்டு. வாசிப்பு ஓரளவு வருகிறது, மொழி புரிவதில்தான் பெரிய சிக்கல் என்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை இப்போது வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறார்கள். 2017-இல் ஆங்கிலம் பேசும் நாடுகளின் வல்லுநர்கள் ஒத்துக்கொண்ட பெயர். அமெரிக்காவில் 1997-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 7 சதவீதத்துக்குச் சற்று மேல் இந்த நிலை இருந்தது. 40 பேர் வகுப்பில் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று பேர். நம் சட்டத்தில் பேச்சு மொழிக் குறைபாடு என்ற தலைப்பு குரல்வளை அகற்றியவர்கள், மூளைப் பாதிப்பால் பேச்சிழந்தவர்கள் போன்றோருக்கானது. கற்றல் குறைபாட்டு விளக்கத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய பெயரில் இடம் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் பரிசோதனை வாசிப்பு, எழுத்து, கணக்கோடு முடிந்துவிடுகிறது. இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

தேர்வில் என்ன சலுகை?

மாநிலப் பாடத்திட்டத்தில் சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம் போன்றவை உண்டு. சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம். தலைமை ஆசிரியர் வழியாக நேரத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடி வந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: எழுதுபவரைக் கொடுத்துவிட்டால் போதாது. விடையை வாயால் வரிசையாகச் சொல்வதும் ஒரு திறமை. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தப் பயிற்சி தொடங்க வேண்டும்.

எத்தனை மாதத்தில் சரியாகும்?

காய்ச்சல் மாதிரி இறங்குவது அல்ல இது. வாரம் இரண்டு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறு மதிப்பீடு என்று போவோம். படிக்கும் வேகம் குறைவாகவே இருந்து, கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. "மூன்றே மாதத்தில் டிஸ்லெக்ஸியா குணம்" என்ற போர்டைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பேச்சு நன்றாக வர நாக்கில் வசம்பு தடவலாமா?

வேண்டாம். கூழாங்கல்லும் என் மேசையில்தான் இருக்க வேண்டும், பிள்ளையின் வாயில் அல்ல.

வீட்டில் நாங்கள் என்ன செய்வது?

பயிற்சித்தாள் வாங்காதீர்கள். பேருந்தில் போகும்போது பாட்டுக்குப் பாட்டு விளையாடுங்கள், சொல் முடியும் எழுத்தைப் பிடிப்பதுதான் அதன் உயிர். சமையலறையில் நிற்கவைத்து "கடுகு வெடிச்ச பிறகு கறிவேப்பிலை, வெங்காயம் வதங்கறதுக்கு முன்னாடி தக்காளி போடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பிறகு அவர்களைச் சொல்லவிடுங்கள். நீங்கள் வேண்டுமென்றே வரிசையை மாற்றிச் சொன்னால் கண்டுபிடிக்கிறார்களா என்று பாருங்கள். இரவில் பத்து நிமிடம் படித்துக் காட்டுங்கள், ஆறாம் வகுப்பு ஆனாலும் சரி. தானாக வாசிக்க முடியாத பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் காது வழியாகத்தான் போக முடியும்.

நான் ஆசிரியர். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனிக் கவனம் எப்படிக் கொடுப்பது?

கொடுக்க முடியாது, தெரியும். மூன்று சின்ன விஷயம் கேட்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை அடுத்த பிள்ளையிடம் போகாமல் இருங்கள். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள், நாளை எந்தப் பத்தி என்று இன்றே சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை தயாராகி வரும்.

அரசுப் பள்ளியில் 2022 முதல் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறீர்கள். அரும்பில் இருக்கும் எல்லாருக்கும் குறைபாடு இல்லை. கொரோனாவில் பள்ளி மூடியிருந்ததால் பின்தங்கியவர்கள், அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிக்கொடுத்தால் நகர்ந்துவிடுவார்கள். மற்றவர்களைப் போலவே பாடம் கேட்டும், தவறாமல் வந்தும், ஒரு வருடமாக அரும்பிலேயே நிற்கும் பிள்ளையைத்தான் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்ட வேண்டும்.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் பட்டம். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. மேலே எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். 1965-இல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் பழையது, பெயர் பெற்றது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான நிறுவனம் என்று இங்கேயே இடங்கள் உண்டு. படித்து முடித்ததும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்து சி.ஆர்.ஆர். (மத்திய மறுவாழ்வுப் பதிவேடு) எண் வாங்க வேண்டும். பெற்றோரும் அந்த எண்ணைக் கேட்கலாம், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

படிப்பில் காது கேட்கும் கருவி, திக்குவாய், பக்கவாதத்துக்குப் பின் பேச்சு என்று எல்லாம் வரும். பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பு கொஞ்சம்தான் வரும். அதை வேலையில்தான் கற்க வேண்டும். தொல்காப்பியம் வரை போக வேண்டாம், ஆனால் பள்ளித் தமிழ் இலக்கணத்தை, குறிப்பாகப் புணர்ச்சியையும் வேற்றுமையையும் இன்னொரு தடவை உட்கார்ந்து படியுங்கள். எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

இதில் எது கஷ்டம்?

இடம் கிடைப்பது. ஒரு பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையில், டயர்களுக்கும் வலைப்பந்துக்கும் நடுவே ஒரு வருடம் உட்கார்ந்திருந்தேன். பி.டி. பீரியடில் விசில் சத்தத்தில் "பட்டம், படம்" எப்படிக் கேட்கும்? இன்னொரு பள்ளியில் பிள்ளைகளை எப்போதும் விளையாட்டு நேரத்தில்தான் அனுப்புவார்கள். நாள் முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஜெயிக்கக் கிடைக்கும் ஒரே மணி நேரம் அது. நான் கேட்டு மாற்றிக்கொண்டேன். இப்போது கையெழுத்து வகுப்பிலிருந்து கூப்பிட்டுக்கொள்கிறேன், யாரும் வருத்தப்படுவதில்லை.